ராணியைத் திருடியவள்

மறுவாழ்வு மையத்தில் விளையாட்டுச் சிகிச்சையாளர் வேலைக்கு வந்திருந்தாள் அந்தப் பெண். பட்டமும் பயிற்சிச் சான்றிதழும் சரியாக இருந்தன. கடைசித் தேர்வு, அங்கே சிகிச்சையில் இருந்த வாத்தியாரோடு சதுரங்கம். அவர் தலையசைத்தால்தான் வேலை.

ஆட்டம் சூடுபிடித்ததும் வாத்தியாரின் ராணியைக் காணோம்.

"ஏம்மா, என் ராணி எங்க?"

"எனக்கென்ன சார் தெரியும்? வயசாச்சு, எங்கயாவது வெச்சு மறந்திருப்பீங்க."

அவளுடைய மூடிய கைக்குள்ளிருந்து ராணியின் கிரீடம் எட்டிப் பார்த்தது. வாத்தியாருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"மேடம்! இந்தத் திருட்டுக் கழுதைக்கா வேலை?"

ஓடிவந்த மேலாளர் வாயைப் பிளந்தார். "சார், எந்தக் கையால பிடிச்சிருக்கீங்க பாருங்க!"

வாத்தியார் பார்த்தார். பக்கவாதம் வந்ததிலிருந்து மடியிலேயே கிடந்த வலது கை!

"விடுங்க சார், வலிக்குது" என்று சிரித்தாள் அவள்.

"விடமாட்டேன். மேடம், மொதல்ல இவளுக்கு வேலையக் குடுங்க. அப்புறம்தான் விடுவேன்!"