இரண்டு நிமிடம் பதினான்காவது நொடி

பாடுகிறவர்களுக்கான அந்த வாட்ஸ்அப் குழுவில் நம் பாட்டைப் போட வேண்டுமென்றால், முதலில் வேறு இருவரின் பாட்டைக் கேட்டு, நிமிடமும் நொடியும் குறித்துக் குறை சொல்ல வேண்டும். வெறுமனே ‘அருமை’ என்று எழுதுகிறவர்களை நீக்கிவிடுவார்கள். பரிதி இருவருக்கு எழுதிவிட்டுத் தன் பாட்டைப் போட்டான். அண்ணன் இறந்த அன்று மதியம் வீட்டில் பாடிப் பதிந்தது. எட்டு மாதம் தொடாமல் வைத்திருந்து, நேற்றுதான் தன் குரலை மட்டும் கேட்டுக் கேட்டு இசையோடு சேர்த்து மிக்ஸ் செய்திருந்தான்.

நாகர்கோவில் ஸ்டெல்லாதான் முதலில் குரல் பதிவு அனுப்பினாள்.

“குரலை ரொம்ப ஏத்திட்டீங்க பரிதி. அதோட சேர்ந்து வீட்டுச் சத்தமும் மேல வந்துடுச்சு. ரெண்டு நிமிஷம் பதினாலாவது செகண்டுல யாரோ ‘பரிதி, பரிதி’ன்னு கூப்பிடுறாங்க. சுவத்தைத் தட்டுறதும் கேக்குது. கடைசி வரிக்குக் கொஞ்சம் முன்னாடி நின்னுடுது. அதை வெட்டிடுங்க.”

பக்கத்து அறையில் படுத்திருந்த அண்ணன் தூக்கத்திலேயே போய்விட்டார் என்றுதான் அண்ணியிடம் சொல்லியிருந்தான். அப்படித்தான் அவனும் நம்பியிருந்தான். அன்று பாடி முடித்து ஹெட்போனைக் கழற்றியபோது வீடு அமைதியாக இருந்தது.

கையிலிருந்த போன் மறுபடி அதிர்ந்தது. சேலத்துக்காரர் ஒருவர்.

“வெட்டிடாதீங்க தம்பி. பாட்டுலயே அந்த இடம்தான் உலுக்குது. இவ்வளவு தத்ரூபமா யாரைக் கூப்பிட வெச்சீங்க? இன்னும் கொஞ்சம் ஏத்தி வைங்க, எல்லாருக்கும் கேக்கட்டும்.”