மாதிரிக்கு ஒரு பெயர்

திரையில் அம்மா பாஸாகியிருந்தாள்.

பச்சை நிறத்தில், கொட்டை எழுத்தில். தேர்வர் பெயர்: மு. பேச்சியம்மாள். தமிழ் எண்பத்தொன்று. கணக்கு தொண்ணூற்று நான்கு. முடிவு: தேர்ச்சி.

பால் வாங்கப் போயிருந்தவன் நிலைப்படியிலேயே நின்றுவிட்டான்.

அவன் திறந்தபடி விட்டுப்போன மடிக்கணினிக்கு முன்னால் அம்மா சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். கையில் ஹால்டிக்கெட். அதைப் பார்த்துப் பார்த்து எண்ணைத் தட்டியிருக்கிறாள்.

அவனுக்கு ஒன்றும் ஓடவில்லை.

அந்தப் பக்கத்தைச் செய்தவன் அவன்தான். மதுரையில் ஒரு சின்னக் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்திருந்தான். பத்தாவதைத் தனியாகப் படித்து எழுதியவர்களுக்கு முடிவு சொல்லும் இணையதளம் அங்கே தயாராகிக்கொண்டிருந்தது. 'உன் ரிசல்ட் வரப்போற பக்கமே என் கையிலதாம்மா' என்று வீட்டில் பீற்றிக்கொண்டும் இருந்தான். அந்த வாயைத்தான் இப்போது தைக்க வேண்டும்.

வேலை சொல்லிக்கொடுக்கும் யூசுப் அண்ணன் மூன்றே வார்த்தையில் முடித்திருந்தார். மாடல், வியூ, கன்ட்ரோலர். மார்க்கெல்லாம் மாடலில் இருக்கும். யாராவது எண்ணைத் தட்டினால் கன்ட்ரோலர் போய் எடுத்துவரும். வியூ அதை வாங்கிக் காட்டும். "காட்டுறது மட்டுந்தான் உன் வேலை. நீயா எதையும் அதுல எழுதி வைக்காத."

அவன் தலையாட்டினான். தலையாட்டக் காசா பணமா?

ஆனால் நேற்று சாயங்காலம் ஆசை விடவில்லை. பக்கம் எப்படி இருக்குமென்று பார்க்க வேண்டும். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? சட்டி இன்னும் அடுப்பிலேயே ஏறவில்லை. மாடல் செய்கிற ரெக்ஸ்லின் ஊருக்குப் போயிருந்தாள்.

எனவே, செய்யாதே என்றதைச் செய்தான். மாதிரிக்கு ஒரு பெயரை வியூவிலேயே எழுதினான். கைக்கு வந்தது அம்மாவின் பெயர். மார்க்கும் போட்டான். போடுவது போடுகிறோம், கணக்கில் என்ன கஞ்சத்தனம்?

இப்போது அதில் எந்த எண்ணைத் தட்டினாலும் அம்மா பாஸ்.

ஒன்றும் தட்டாமல் விட்டாலும் அம்மா பாஸ்.

அப்புறம் ஒரு சந்தேகம். ரெக்ஸ்லின் ஊரிலிருந்தே மாடலை இணைத்துவிட்டாளோ? இது நிஜமாகவே வந்த மார்க்கோ?

மறுபடி பார்த்தான். தொண்ணூற்று நான்கு. அவன் போட்ட அதே தொண்ணூற்று நான்கு.

பாவி, என்ன காரியம் செய்து வைத்திருக்கிறான்.

அம்மா அங்கன்வாடியில் ஆயா. பிள்ளைகளுக்குச் சோறாக்கி, மூக்கைத் துடைத்து, தூங்க வைப்பவள். பத்தாவது தேறினால் டீச்சராகலாம் என்று சொல்லியிருந்தார்கள். அதற்காகத்தான் இந்த வயதில் அடுப்புக்கும் புத்தகத்துக்கும் நடுவே அல்லாடினாள். தேறாவிட்டால் கடைசி வரைக்கும் ஆயாதான்.

இனி அவள் கத்துவாள். தெருவைக் கூட்டுவாள். அதற்குள் சொல்லிவிட வேண்டும்.

எப்படிச் சொல்வது? தனக்கே பிடிபடாத ஒன்றை அம்மாவுக்கு எந்த வாயால் விளக்குவது? கன்ட்ரோலர் எடுத்துவரவில்லை என்றா? இது வெறும் வியூ என்றா?

அவன் வார்த்தை தேடிக்கொண்டிருந்தான்.

அம்மா கத்தவில்லை.

எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். சன்னலையும் சாத்தினாள். திரும்பி வந்து அவனைப் பார்த்தாள். முகத்தில் சொட்டு ரத்தம் இல்லை.

பாஸானவள் முகம் இப்படியா இருக்கும்? அவன் குழம்பிப்போனான்.

"கணக்குல அம்புட்டுப் போட்ருக்க வேணாம்யா" என்றாள், அடித்தொண்டையில். "கடைசி ரெண்டு பக்கத்த நான் தொடவே இல்ல."

அவன் பால் பாக்கெட்டைக் கீழே வைத்தான்.

"மாட்டிக்கிருவ. இப்பத்தான் சேந்துருக்க, வேல போயிரும். யாரும் பாக்குறதுக்குள்ள அழிச்சிரு. நான் அடுத்த தடவ எழுதிக்கிறேன்."

சற்று நேரம் கழித்துத்தான் அவனுக்கு உறைத்தது. அவள் தேறவில்லை. மகன் அதைப் பார்த்துவிட்டான். பொறுக்க முடியாமல் மாற்றி எழுதிவிட்டான். அவள் அப்படித்தான் நினைத்திருக்கிறாள்.

அவனை அவ்வளவு பெரிய ஆளாக இதுவரை யாரும் நினைத்ததில்லை. சிரிப்பு வந்தது. அதற்கு முந்திக்கொண்டு கண் கலங்கியது.

அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். பெயரை அழித்தான். மார்க்குகளை ஒவ்வொன்றாக அழித்தான். தேர்ச்சியையும் அழித்தான். வெறும் கட்டங்கள் மிஞ்சின.

அம்மா மூச்சு விட்டாள். "பழைய மார்க்கு வந்துருமா?"

"பழைய மார்க்குன்னு ஒண்ணு இல்லம்மா. உன் மார்க்கு இன்னும் எங்களுக்கு வரவே இல்ல. பக்கம் எப்படி இருக்குன்னு பாக்க நானா எழுதுனது இது. சும்மா."

அம்மா அந்தக் காலிக் கட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டப் போகிறாள் என்று அவன் காத்திருந்தான். திட்ட வேண்டியதுதான்.

"அப்ப," என்றாள் மெதுவாக, "நான் இன்னும் பெயிலாகலையா?"

"இல்லம்மா."

இவ்வளவு நேரமாக அவன் தேடிக்கொண்டிருந்த சந்தோஷம் அப்போதுதான் அவள் முகத்துக்கு வந்தது.