அங்கோர்வாட்டில் ஆறு நாள்

கோயம்புத்தூர் கணபதியில் இருக்கும் தம்பிதுரையின் வீட்டில் திருடுவதற்கு அருள்குமாருக்குத் திட்டம் போட்டுக் கொடுத்ததே அந்த வீட்டு அம்மாதான். பாவம், லோகப்பிரியாவுக்கே அது தெரியாது.

அருள்குமார் தண்ணீர் சுத்திகரிக்கும் மிஷின்களுக்கு ஃபில்டர் மாற்றுகிறவன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த வீட்டுச் சமையலறைக்கு வருவான். போன முறை வந்தபோது சாப்பாட்டு மேசை நிறையக் காகிதங்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் லோகப்பிரியா.

“ஏனுங்க அருளு, கம்போடியாவுல தண்ணி எப்படீங்க? குடிக்கலாங்களா?”

“நான் காங்கேயத்தத் தாண்டுனதில்லீங்கக்கா.”

கேட்க ஓர் ஆள் கிடைத்தால் போதும் அவளுக்கு. தங்கை மலேசியா போய்வந்து எட்டு மாதமாக அதே பேச்சாகப் பேசிக்கொண்டிருக்கிறாளாம்; அந்த வாயை அடைக்க அங்கோர்வாட்தான் சரியாம். செவ்வாய்க்கிழமை புறப்பாடு. கோயம்புத்தூரிலிருந்து சிங்கப்பூர், அங்கிருந்து சியம் ரீப். மூன்று நாள் கோயில், ஒரு நாள் ஏரியில் படகு. ஞாயிறு சாயங்காலம் வீடு. பருப்புப் பொடிக்கு ஒரு தனிப் பெட்டி.

“ஆரத்தப் போட்டுட்டுப் போலாம்னா அண்ணன் வேண்டாங்கறாரு. எல்லாம் பீரோவுலயே கெடக்கட்டும்னு உட்டுட்டேன்.”

லேத் பட்டறை முதலாளியான அவள் கணவர் தம்பிதுரை உள்ளே வந்து, “அந்தக் கோயில நம்மாளுகதான் கட்டுனது அருளு, தெரியுமா?” என்றார். எந்த ராஜா என்று அவர் விசாரித்ததில்லை. நம்மாட்கள் என்பதில் மட்டும் உறுதியாக இருந்தார்.

அருள்குமார் அதுவரை அடுத்தவர் வீட்டு ஸ்குரூ ஒன்றைக்கூட எடுத்தவனில்லை. ஆனால் பதினோரு வருஷமாக ஊருக்கெல்லாம் நல்ல தண்ணீர் கொடுத்துவிட்டு, தன் வீட்டில் உப்புத் தண்ணீர் குடிக்கிறவன். அன்று பைக்கில் திரும்பும்போது அந்த ஆரம் கூடவே வந்தது. சொந்தமாக ஒரு சர்வீஸ் கடை வைத்து, வாசலில் தன் பெயரை எழுதுவது வரைக்கும் வந்தது.

செவ்வாய்க்கிழமை வழியனுப்பு விழா அமர்க்களப்பட்டது. ‘கம்போடியா செல்லும் தொழிலதிபர் தம்பதியர் வாழ்க’ என்று வீதி முனையில் ஃப்ளெக்ஸ். பட்டறை ஆட்கள் மாலை போட்டார்கள். தங்கையே வந்து ஆரத்தி எடுத்தாள்.

புதன்கிழமை லோகப்பிரியாவின் வாட்ஸப் ஸ்டேட்டஸில் சூரிய உதயமும் ஐந்து கோபுரங்களும் வந்தன. வியாழன் காலை, மரவேர் கட்டிப்பிடித்த மண்டபம். ‘பார்க்கக் கண் ரெண்டு போதாது’ என்று கீழே எழுதியிருந்தது. அருள்குமார் அதற்கு ஒரு ஹார்ட் போட்டுவிட்டு, டூல்ஸ் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

பகல் பதினொரு மணி. கம்பெனிச் சட்டை போட்டவனைப் பகலில் யாரும் சந்தேகப்படமாட்டார்கள் என்பது அவன் கணக்கு. இருந்தும் எதிர்வீட்டுப் பாவாத்தாள் பிடித்துக்கொண்டாள்.

“ஏனுங்க, அவிய ஊட்ல இல்லீங்களே?”

“பின்னால பைப்பு ஒழுகுதுங்கம்மா. அண்ணன் கம்போடியாவுல இருந்து போன் பண்ணிச் சொன்னாருங்க.”

“பாருங்க, அங்க போயும் ஊட்டு நெனப்பு!” என்று பாவாத்தாள் மெச்சிக்கொண்டே முருங்கைக்கீரை உருவப் போய்விட்டாள்.

முன்வாசலில் பெரிய பூட்டுத் தொங்கியது. ‘இவ்வீடு கேமரா கண்காணிப்பில் உள்ளது’ என்று ஒரு போர்டும் இருந்தது. போர்டு மட்டும்தான், கேமரா கிடையாது என்பது அருள்குமாருக்குத் தெரியும். சந்து வழியாகப் பின்பக்கம் போனான். சமையலறைக் கதவின் கொண்டி ஆடிக்கொண்டிருப்பதை ஃபில்டர் மாற்றும்போதே பார்த்து வைத்திருந்தான். ஸ்குரூடிரைவரை விட்டு ஒரு நெம்பு. திறந்துகொண்டது.

உள்ளே ஒரே இருட்டு. எல்லா ஜன்னலுக்கும் போர்வை கட்டியிருந்தது. சுவரைத் தடவிக்கொண்டு ஹாலைத் தாண்டினான். மாட்டினால் வேலை போகும், மானம் போகும், பெண்டாட்டி பிள்ளைகள் முகத்தில் விழிக்க முடியாது. திரும்பிவிடலாமா என்று ஒரு கணம் நின்றான். பிறகு படுக்கையறைக் கதவைத் தள்ளினான்.

தரையில் போன் வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் இரண்டு முகங்கள்.

கைலியைக் கட்டிக்கொண்டு தம்பிதுரை. எதிரில் பருப்புப் பொடிச் சோற்றுத் தட்டோடு லோகப்பிரியா.

அருள்குமாரின் கையிலிருந்து ஸ்குரூடிரைவர் விழுந்தது. அடுத்த நொடி அவனே விழுந்தான், தம்பிதுரையின் காலில்.

“அண்ணா, புத்தி கெட்டுப்போயி வந்துபோட்டேனுங்க. போலீசுக்கு மட்டும் சொல்லிப்போடாதீங்க! பிள்ளைகுட்டிக்காரனுங்க!”

தம்பிதுரை பாய்ந்து வந்து அவன் வாயைப் பொத்தினார். தொலைந்தோம் என்று கண்ணை மூடிக்கொண்டான் அருள்குமார். அடி எதுவும் விழவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தால், லோகப்பிரியா பீரோவைத் திறந்து வைத்துவிட்டு, கண் கலங்கக் கைகூப்பி நின்றுகொண்டிருந்தாள்.

“பாஸ்போர்ட்டுல ஆறு மாசம் பாக்கி இல்லைன்னு கோயம்புத்தூர் ஏர்ப்போர்ட்லயே திருப்பி அனுப்பிச்சுப்போட்டாங்க கண்ணு, வேணுங்கறத எடுத்துக்கங்க, ஆனா ஞாயித்துக்கிழமை வரைக்கும் நாங்க கம்போடியாவுலதான் இருக்கறமுங்க!”