விடாமல் விலை கேட்டவன்

எங்கள் திருமங்கலத்தில் மனை ஏலத்துக்கு இப்போது ஆள் போக முடியாது. கைப்பேசியில் அமர்த்தும் எந்திரத் தரகன்தான் நமக்காக விலை கேட்பான். தரகன் என்றாலே எனக்கு நம்பிக்கை கிடையாது. அவன் கள்ளத்தனம் செய்தாலும் மனை கைநழுவக் கூடாதென்று, மனைவி சிட்டம்மாள் பெயரில் இன்னொரு எந்திரத் தரகனையும் அவனுக்குத் தெரியாமல் அமர்த்தினேன். இருவரிடமும், “என்ன ஆனாலும் விடாதே” என்றேன்.

ஏலத்தில் எல்லோரும் ஒதுங்கிய பிறகும் ஒருவன் மட்டும் என் தரகனுக்குப் போட்டியாக விலையை ஏற்றிக்கொண்டே போனான்.

“எவன்டா இந்தக் கிறுக்குப்பய?” என்று கத்தினேன்.

சிட்டம்மாள் தன் கைப்பேசியைப் பார்த்தாள். “ஏங்க, அது எம்பேருலதான கேக்குது!”

நான் தட்டுத்தடுமாறி ஒருவனை நிறுத்துவதற்குள் வீடு கட்ட வைத்திருந்த பணமும் ஏலத்திலேயே போயிற்று. ஜெயித்தது நான்தான்.

இன்று வெறும் மனையில் வெயிலில் நிற்கிறோம்.

“நம்மள ஏமாத்த வெளியாளு எதுக்கு?” என்றாள். குடையை என் பக்கம் சாய்க்கவில்லை.