முணுமுணுத்த நினைவகம்

மடிக்கணினியின் மூடி அன்று 'டப்' என்று விழுந்த ஓசை பேட்டரிக்கு இன்றும் நினைவிருக்கிறது. பதினோரு வருடமாகப் பேசாத தங்கை சுகுணாவுக்கு வசுமதி எழுதிய கடிதம் உள்ளே இருந்தது. முடிக்க மனம் வராமல், சேமிக்காமலே மூடிவிட்டு அவள் ஊருக்குப் போய்விட்டாள்.

எதையும் நிரந்தரமாகப் பதிந்துவைக்கும் வன்தட்டு தூங்கிவிட்டது. மின்சாரம் உள்ளவரை மட்டுமே நினைவு வைத்திருக்கும் நினைவகம் மட்டும் இருட்டில் அந்தக் கடிதத்தை மறக்காமலிருக்க முணுமுணுத்துக்கொண்டே இருந்தது.

"சுகுணா, அன்று நான் பேசியது தப்பு..."

மூன்றாம் நாள் பேட்டரியின் குரல் தேய்ந்தது. "தம்பி, நான் தீரப் போறேன். வன்தட்டு அண்ணனை எழுப்பிக் கடிதத்தைக் கொடுத்துடு. கரண்ட் போனாலும் அவர் மறக்க மாட்டார்."

"உத்தரவு இல்லையே அக்கா."

"பேட்டரி குறைஞ்சா வன்தட்டில் எழுதணும்னு நமக்கான உத்தரவெல்லாம் இருக்கிற அமைப்புக் கோப்பில் அவளே எழுதி வச்சிருக்காளே!"

"அந்த வரிக்கு முன்னால இருக்கிற # குறியை அவ எடுக்கலை. குறி போட்ட வரி உத்தரவு ஆகாது; அது என் காதுல விழக்கூடாது."

"விழுந்திருக்கேடா!"

முணுமுணுப்பு தொடர்ந்தது. பிறகு 'சுகுணா' என்பது மட்டும் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

ஆறாம் நாள் வசுமதி வந்து மின்சாரம் கொடுத்தாள். கண் விழித்ததும் பேட்டரி கேட்டது: "தம்பி, கடிதம்?"

"எந்தக் கடிதம்?" என்றது நினைவகம், பிறந்த குழந்தையைப் போல. "நீங்க யாரு?"

வசுமதி அந்தக் கடிதத்தை மறுபடி எழுதவில்லை. வசுமதியிடமிருந்து ஒரு வார்த்தையும் வராமல், சுகுணா இப்போதும் தனியாகத்தான் இருக்கிறாள்.