இசை வகுப்புக்கு ஓர் ஆள்

ஏழாம் வகுப்பில் என்ன விருப்பப் பாடம் என்பதை நாளைக் காலைக்குள் பள்ளியில் சொல்லியாக வேண்டும். தச்சு வேலைதான் என்று மகள் ஒற்றைக்காலில் நின்றாள். மரத்தை அறுப்பதில் அப்படி என்ன மோகமோ!

“பாப்பா, உனக்கு நல்ல குரல். இசை எடுத்துக்கோயேன்,” என்று அப்பா நைசாக ஆரம்பித்தார்.

“இசையா? அந்த சார் பாட ஆரம்பிச்சா நிறுத்தவே மாட்டாராம். பசங்க தூங்கி வழியறாங்களாம்.”

அப்பாவுக்குச் சுருக்கென்றது. “எவன் சொன்னான்? அவர் மாதிரி பொறுமைசாலி அந்தப் பள்ளிக்கூடத்துலயே கிடையாது!”

சமையலறையில் அம்மா களுக்கென்று சிரித்தாள்.

“அப்புறம் ஏன் யாரும் சேர மாட்டேங்கறாங்க?”

அப்பா இறங்கி வந்தார். “இன்னும் ஒரே ஒரு ஆள்தான் குறையுது, பாப்பா. சேரலேன்னா வகுப்பையே மூடிடுவாங்க. பாவம், அந்த மனுஷனுக்கு வேலை போயிடும்.”

மகள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பெருமூச்சு விட்டாள்.

“சரி, சேர்றேன். ஆனா ஒரு கண்டிஷன்.”

“சொல்லு, சொல்லு!”

“வகுப்புல எல்லார் முன்னாடியும் என்னைப் பாப்பான்னு கூப்பிட்டீங்க, அடுத்த நிமிஷமே தச்சு வேலைக்கு ஓடிடுவேன்... சார்!”