அளவெடுத்த மூலை

மாட்டுங்கா வீட்டின் ஒற்றை ஜன்னல் வழியாக வரும் மாலை வெயில், கண்ணாடிப் பெட்டித் தண்ணீரில் பட்டுச் சுவரில் நெளிகிறது. சீமைக்குக் கப்பலேறிய வெள்ளைக்கார மானேஜர், ராமசேஷனிடம் விட்டுப்போன மீன் உள்ளே இருக்கிறது. வந்தபோது விரல் நீளம்; மூன்று வருஷத்தில் முழ நீளமாகிவிட்டது. இரண்டடிப் பெட்டியில் திரும்பும்போதெல்லாம் 'டொக்'கென்று முட்டி, அதன் மூக்கு வெளுத்துப் புண்ணாகியிருக்கிறது.

"பாவம்டீ அம்மிணி, திரும்பக்கூட எடமில்லை. அஞ்சடிப் பெட்டியாவது வேணும், கேட்டியா?" என்கிறான் ராமசேஷன். டேப்பும் கையுமாக அறையைச் சுற்றி வந்த அவன் பார்வை, பழைய புடவை போர்த்திய மரத்தொட்டில் இருக்கும் மூலையில் நிற்கிறது. கல்யாணமான வருஷமே அவள் அம்மா அவசரப்பட்டுப் பாலக்காட்டிலிருந்து ரயிலேற்றி அனுப்பிய தொட்டில் அது. பதினோரு வருஷமாக வெள்ளிக்கிழமைதோறும் அம்மிணி அதன் குமிழ்களைத் துடைத்துவைக்கிறாள்.

"இதைப் பரண்லே போட்டுடலாம். இங்கே இனிமே வேறே என்ன வரப்போறது?" மீனுக்காக இளகிய குரல் இன்னும் இளகியே இருக்கிறது. "இந்த நுனியைப் பிடி."

அம்மிணி தொட்டிலைத் தள்ளுகிறாள். பதினோரு வருஷமாக நின்ற நாலு கால்களும் தரையில் நாலு வெளிர்த் தடங்களை விட்டு நகர்கின்றன. அவற்றின்மேல் குந்தி, டேப்பின் நுனியைச் சுவரோடு அழுத்திப் பிடித்துக்கொள்கிறாள்.

"அஞ்சடி தாராளமா வரும், மேலேயும் எடமிருக்கு" என்கிறான் அவன்.

பின்னால் மீன் மறுபடி முட்டுகிறது.

"ஆறடியாவே செய்யச் சொல்லுங்கோ" என்கிறாள் அம்மிணி, தலை நிமிராமல். "அதுவாவது வளரட்டும்."